நாலு மணி சவுண்ட் செக்

“பாட்டு கேக்கணும்னா நீ எங்கேம்மா போவே?” என்று பல் டாக்டரம்மா ஒருநாள் அவளைக் கேட்டுவிட்டார்.

லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்த ஆறு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் எங்கே போகலாம் என்றுதான் கேட்பார்கள். எந்த பாரில் நிஜமாகவே ஆள் வைத்து வாசிக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் எதற்குப் போவார்கள் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறக்காமல் ஒரு தாளில் தெருவைக் கோடாக இழுத்து, பாலத்துக்கு ஒரு வளைவும் பெட்ரோல் பங்குக்கு ஒரு கட்டமும் போட்டு, அம்புக்குறியோடு நீட்டிவிடுவாள். பேசினால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும் என்று லாட்ஜ் முதலாளி கேலி செய்வார். அவள் வருவதும் போவதும் யார் காதிலும் விழாது என்பதால் அப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயர் பூனை.

டாக்டரம்மா எட்டாம் நம்பர் அறையில் ஐந்து நாளாகத் தங்கியிருந்தார். முப்பது வருடம் பல் ராவுகிற மெஷின் சத்தத்தைக் கேட்டே காது காய்த்துப்போய்விட்டது, இனிமேல் மனுஷர் வாசிப்பதைக் கேட்கப்போகிறேன் என்று ஊர் ஊராகக் கிளம்பியவர். கையில் இன்டர்நெட்டிலிருந்து அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. பதினோரு பார்கள். பதினொன்றுக்கும் பக்கத்தில் ‘அசல்’ என்று போட்டிருந்தது. ஒன்றில் பாடகர் வாயை மட்டும் அசைத்தார், பாட்டு பென் டிரைவிலிருந்து வந்தது. அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவளிடம் போய் இந்த வேலையைக் காட்டினானே என்று டாக்டரம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். இன்னொன்றில் நாலு டிவியிலும் மாட்ச் ஓடியது, கிட்டார்க்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒன்பது பெயரை அடித்தாகிவிட்டது. அன்று மாலை ஐந்தரைக்கு அவருக்கு பஸ். அதனால்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

அவள் வழக்கம்போல் பென்சிலை எடுத்தாள். பிறகு வைத்தாள்.

“நான் இப்போ எங்கேயும் போறதில்ல, டாக்டரம்மா” என்றாள். ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே அடுத்ததும் வந்துவிட்டது. “போனா நாலு மணிக்குப் போவேன்.”

நாலு மணிக்கு எந்த பார் திறந்திருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். திறந்திருக்காது என்றாள். அப்புறம், ஒரு வாரத்தில் பேசுவதை அரைமணியில் பேசினாள். மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு பார். அவளுடைய அப்பா அங்கே இருபத்திரண்டு வருடமாக அக்கார்டியன் வாசிக்கிறார். ஏழு மணிக்கு மேல் மேசைக்காரர்கள் கேட்பதை வாசிப்பார். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதே பிறந்தநாள் பாட்டை ஒரே ராத்திரியில் நாலு தடவை வாசிப்பார், நாலாவது தடவையும் சிரித்துக்கொண்டே. ஆனால் நாலு மணிக்கு, மைக்கையும் ஸ்பீக்கரையும் சரிபார்க்கிற சவுண்ட் செக். ஈரம் காயாத தரை, மேசைமேல் கவிழ்த்த நாற்காலிகள், ஒரு ஈ காக்கை இருக்காது. மைக்செட் அண்ணன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் அப்பா தனக்குப் பிடித்ததை வாசிப்பார். சின்ன வயதில், பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே மூலை மேசையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

இவ்வளவும் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், லாட்ஜில் தங்கியிருந்த நாலு பேர், மத்தியானத்திலேயே கால் பின்ன, இதே மேசைக்கு வந்தார்கள். மார்க்கெட் பக்கத்து பாரில் ஒரு கிழவன் பெட்டியை இழுத்து இழுத்து வாசிக்கிறானாமே, போய் வீடியோ எடுத்துப் போட்டால் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் வழி கேட்டார்கள். அன்று வரைபடம் போடவில்லை. “அங்கே போகாதீங்க. அவர் வாசிக்கிறது கேக்கிற மாதிரியே இருக்காது. அங்கே ஒண்ணுமே இல்ல” என்று சொன்னாள். பிறந்ததிலிருந்து முன்பின் தெரியாதவர்களிடம் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அவர்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது வாசல் சுவரில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது. காலையில் அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த குடை. அதைக் கொண்டுவந்த அப்பா அங்கே இல்லை.

அன்று இரவு அப்பா கைவீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கார்டியன் பெட்டி இல்லாமல் அவர் வந்ததே கிடையாது. தோள் வலிக்கிறது, இனி பாரிலேயே இருக்கட்டும் என்றார். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பது நின்றுபோனது. பூனை என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. அம்மா மட்டும், வலியே இல்லாத தோளில் எட்டு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கிச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் இன்று சொல்லாதது நாளைக்கு இன்னும் கஷ்டமாயிற்று. அதோடு, அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுவார் என்று பயந்தாள். அவர் என் அப்பா என்று ஏன் நீ சொல்லவில்லை?

“கதவைச் சாத்தியிருப்பாங்கன்னா என்னை யாரு உள்ளே விடுவா? நீதான் கூட வரணும்” என்றார் டாக்டரம்மா. அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். டாக்டரம்மா பட்டியலை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் போட்டார். அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. முதலாளியிடம் ஒரு மணி நேரம் லீவு கேட்டாள். அவள் வாய்விட்டுக் கேட்ட அதிர்ச்சியிலேயே அவர் சரி என்றுவிட்டார்.

பின்கதவைத் திறந்த மைக்செட் அண்ணன், “அடேயப்பா, பூனை வழி தெரிஞ்சு வந்திருக்கே” என்றார். டாக்டரம்மாவுக்கு ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டார். மேடையில் அப்பா அக்கார்டியன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். பிறகு வாரின் கொக்கியைப் பார்த்தார். மாட்டிய கொக்கியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

ராத்திரி அப்பாவோடு பாடுகிற பெண் இன்னும் வரவில்லையாம். மைக்செட் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சட்டென்று கையைப் பிடித்து மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டார். பொம்பளைக் குரல் ஒன்று வேண்டும், எதையாவது பேசு, பத்து வரைக்கும் எண்ணினாலும் போதும் என்று சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழ்ப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று தன் குரலே சுவரில் மோதித் திரும்பி வந்தது. பின்னால், இரண்டடி தூரத்தில், அப்பா மூச்சுவிடுவது கேட்டது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஏழுக்கு அப்புறம் எட்டு வரவில்லை.

“அன்னிக்கு அவங்க உங்களைக் கேலி பண்ணி வீடியோ எடுக்கப் போறோம்னு சொன்னாங்க, அப்பா. அதான் போகாதீங்கன்னேன்.”

“கொஞ்சம் கிட்ட வா” என்றார் மைக்செட் அண்ணன் குமிழைத் திருகியபடி. அவருக்குக் குரல்தான் கணக்கு, சொல் இல்லை. “ம், மேலே பேசு.”

“ஆனா அவர் எங்கப்பான்னு சொல்லல. சொல்லியிருக்கணும்.”

“கடைசி வரி உள்ளே போயிடுச்சு. திரும்பச் சொல்லு.”

“சொல்லியிருக்கணும்.”

“அதுக்கு முந்தினது.”

“அவர் எங்கப்பா.”

“இன்னும் சத்தமா, பயப்படாம.”

“அவர் எங்கப்பா” என்றாள். நாலு ஸ்பீக்கரிலும் அது வந்தது. கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள் ஒருமுறை கிணுகிணுத்தன.

“ஆ, இதுதான். இது போதும்” என்று மைக்செட் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பின்னால் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மைக்கைத் திறங்க என்று அண்ணனிடம் சொன்னது கேட்டது. அக்கார்டியன் நிதானமாகக் காற்றை இழுத்தது. அவர் எடுத்தது காலையில் ஜன்னலோரம் வாசிக்கிற பாட்டு. நடுவில் ஒரே இடத்தில் எப்போதும் தடுக்கி, எப்போதும் தனக்குத் தானே ‘ப்ச்’ என்பார். இன்றும் அதே இடத்தில் தடுக்கினார். ‘ப்ச்’சும் ஸ்பீக்கரில் வந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசித்து முடித்து, அவள் பக்கம் பார்க்காமலே, “நாளைக்கு எனக்கு லீவு. ராத்திரி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரணும்” என்றார்.

“தோள் வலிக்குமேப்பா.”

“உங்கம்மா தைலம் கேட்டுடுச்சு, பூனை.”

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மாவை அறிமுகம் செய்யத் திரும்பினாள். நாற்காலி மறுபடியும் மேசைமேல் கவிழ்ந்திருந்தது. டாக்டரம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு பின்கதவு வரைக்கும் போயிருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அப்பாவின் விரல்கள் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா கதவைத் திறந்து, வெளியே இறங்கி, தாழ்ப்பாள் சத்தம் கேட்காதபடி அதை மெல்ல மெல்லச் சாத்தினார்.