கூரை இறங்கிய தையல்கூடம்

அந்தத் தையல்கூடத்தின் கூரை வருடத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "பேச்சைக் குறைங்க, வேலையைப் பாருங்க" என்று முதலாளி சொன்ன வருடம் ஆரம்பித்தது அது. முதலில் மின்விசிறியைக் கழற்றினார்கள். பிறகு தச்சரைக் கூப்பிட்டு முக்காலிக் கால்களை அறுத்தார்கள். மேல் ஜன்னலும் மறைந்தபோது, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார் கட்டிங் மாஸ்டர். பொத்தான் துளைகளைக் கையால் தைக்கும் காஜா அக்காவுக்குக் கூரையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்காரும் அவளுடைய நாத்தனார்தான் யாருக்கும் தெரியாமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். விஷயம் வெளியே போனால் வேலை போகும். வீட்டில் உலை வைப்பதே காஜா அக்காவின் சம்பளத்தில்தான்.

ஒருநாள் உயரமான இஸ்திரிக்காரர் கூரையில் மண்டையை இடித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில், வேலை நேரத்தைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் முதலாளி முகத்துக்கு நேராகவே கொட்டிவிட்டார். கூரை ஒரு சாண் ஏறியது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும், முதலாளி உட்பட, தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. கட்டிங் மாஸ்டரின் காலர் அளவு ஒரு விரல் பிசகு என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது இப்போது அவருக்கும் தெரிந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அளவைத் திருத்தினார். சட்டைகள் திரும்பி வருவது நின்றது. கூரையும் ஏறியது, காஜா அக்காவின் தலைக்கு மேலே மட்டும் தொங்கிய ஒரு பகுதியைத் தவிர. அவள் குனிந்தே தைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் கூரைதான் காட்டிக்கொடுக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு மதியம் அவளே சொன்னாள்: "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. விரலால தடவித்தான் தைக்கிறேன். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு."

முதலாளிக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் அவள் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்தார்.

"நல்லாத்தானே தைக்கிறீங்க அக்கா. நூல் யாரு கோக்கறது?"

"நான்தான்" என்றாள் நாத்தனார். "ஒளிஞ்சு ஒளிஞ்சு கோக்கறதுலதான் நேரம் போகுது."

"இனிமே ஒளியாம கோத்துக் குடும்மா."

சுண்ணாம்புத் தூள் உதிர, அந்தப் பகுதியும் மேலே போனது.

இப்போது கூரை பழைய உயரத்தில் இருக்கிறது. முக்காலிகள்தான் முழங்கால் அளவுகூட இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் காரணம் கேட்டால், நடுவில் கொஞ்ச காலம் கூரை இறங்கியிருந்தது என்று காஜா அக்கா சொல்கிறாள். அவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.