தனுஜா தோண்டியெடுத்த கல்

2006 ஆகஸ்டில், குருவிட்டவுக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பளீலா ஒரு துணிப்பையோடு வந்தாள். லெபனானில் தனுஜா வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் அவளும் பணிப்பெண்ணாக இருந்தாள். சண்டையில் குண்டு விழுந்து, தனுஜா உள்ளே இருக்க அவள் வேலை செய்த வீடு இடிந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

"உடம்பு?" என்று கேட்டான் தனுஜாவின் புருஷன் நல்லையா.

"அங்கேயே அடக்கிட்டாங்க அண்ணே. எங்களப் பாக்கவும் விடல்ல. நான் முதல்ல ஊருக்கு வர இருந்ததால இந்தப் பைய அக்கா முன்னமே தந்து வச்சாங்க."

பையில் ஒரு சேலையும் உள்ளங்கையளவு வெளிறிய கல்லும் இருந்தன. கல்லில் இதழ் விரித்த பூப்போல ஒன்று பதிந்திருந்தது. அங்கே மலைச்சரிவில் தனுஜா செடி வைக்கத் தோண்டும்போது கிடைத்ததாம். மகள் ஷாமிளாவுக்கென்று எடுத்து வைத்தாளாம்.

மனைவிக்கு ஒரு பிடி மண்கூடப் போடவில்லையே என்று நல்லையா குமைந்தான். அவள் கைபட்ட அந்தக் கல்லையாவது அடக்கம் செய்ய நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை மயானத்தில் குழி வெட்டினான். பளீலாவும் வந்திருந்தாள்.

ஷாமிளா கல்லைத் தர மறுத்தாள்.

"குடு தங்கம். பூப்போட்ட கல்லுதானே. வேற வாங்கித் தாறேன்."

"இது பூ இல்லப்பா. ஸ்கூலுக்குக் கொண்டு போய்க் காட்டினேன். கடல் அல்லின்னு பேராம், ஆனா மிருகமாம். இதெல்லாம் இதழ் இல்ல, கையாம். அந்த மலை முந்தி கடலா இருந்திச்சாம். திடீர்னு சேறு வந்து மூடினதுல அப்படியே கல்லாயிருச்சுன்னு மக்கீன் மாஸ்டர் சொன்னாரு."

நல்லையா கல்லை வாங்கிப் பார்த்தான். மெல்லிய கைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இடிந்த வீட்டின் நினைவு வந்தது.

"மூடினப்ப மூச்சு முட்டியிருக்குமாம்மா?"

"அத நான் கேக்கல்லப்பா."

அவன் கல்லை மகளிடமே திருப்பிக் கொடுத்தான். சேலையை மடித்துக் குழிக்குள் வைத்தான். மண்ணை அள்ளினான், போட முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பளீலா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள்.

"நான் போடுறேன் அண்ணே. அங்க என்னையும் மண் போட விடல்லதானே" என்றாள். கையால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, சேலை மறையும்வரை வாய்விட்டு அழுதாள்.