பின்காவலனுக்கு ஏழு பொன்னாடை

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவித்தல். எதிர்வரும் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு, ரொறொன்ரோ மாநகரில் நடைபெறும் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்திலே, தமிழன்னையின் தவப்புதல்வன் கிளிபோட் அகஸ்ரின் முதன்முறையாகப் பந்தைக் கையிலேந்தி முன்னோக்கி ஓடுவார். இடைவேளையில் பொன்னாடை. அனைவருக்கும் மட்டன் ரோல். இங்ஙனம், இக்னேசியஸ், தலைவர், தீவக மக்கள் விளையாட்டு மன்றம், கனடாக் கிளை.

வேறு கிளை கிடையாது. மரமும் கிடையாது.

தவப்புதல்வனைப் பெற்ற அகஸ்ரின், பக்கத்து மார்க்கம் நகரில் தன் அலுவலகக் கன்ரீனில் இருந்து இதை வாட்ஸ்அப்பில் வாசித்தார். கடித்த சான்ட்விச்சைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கத்தோலிக்கராக இருந்தும் இந்த விஷயத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான்.

கிளிபோட் நாலு வருசமாக ஆடுவது தடுப்பில். எதிரணி முட்டைப் பந்தோடு ஓடிவரும். கனடாக் கணக்கில் இந்தப் பக்கத்துப் பன்னிரண்டு பேர் அவர்களை விழுத்தவேண்டும். அந்தப் பன்னிரண்டில் எல்லாருக்கும் பின்னால் கடைசியாக நிற்பவன் கிளிபோட். அவனைத் தாண்டினால் பிறகு புல்லு மட்டும்தான். பந்தோடு ஓடுகிற கூட்டம் வேறு, விழுத்துகிற கூட்டம் வேறு. ஒன்று ஆடும்போது மற்றது வாங்கில் இருந்து தண்ணீர் குடிக்கும். இதையெல்லாம் அகஸ்ரின் நாலு வருசம் குளிருக்குள் குந்தியிருந்து தானாகவே விளங்கிக்கொண்டவர். எதிராளி இடுப்பைத் திருப்ப முதலே அவன் எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று தன் மகனுக்குத் தெரிந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்த ஒரே தமிழர்.

தமிழரல்லாத ஒருவரும் அதைக் கண்டுபிடித்திருந்தார். தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் பிடிக்கிற ஸ்கவுட். கிளிபோட்டைத் தடுப்பில் பார்க்க அதே சனிக்கிழமை வருவதாக மின்னஞ்சல் போட்டிருந்தார். கடைசி வருசம், கடைசி ஆட்டம். இதை விட்டால் வேறில்லை.

எல்லாம் வோபர்ன் பகுதியில், ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய பார்ட்டியில் தொடங்கியது.

"என்ன அகஸ்ரின், உம்மட பெடியன் பந்தைத் தொடுறதே இல்லையாமே? நாலு வருசமா உவனுக்கு அங்க என்ன, வோச்மேன் வேலையோ?" என்று இக்னேசியஸ் கேட்டார். பள்ளிக்கூடக் காலத்தில் காலால் அடிக்கிற உருண்டைப் பந்தில் சென்ரர் ஃபோர்வேட் ஆடியவர். கோல் அடிப்பவன் விளையாட்டுக்காரன், மற்றவர்கள் ஆளெண்ணிக்கைக்கு என்பது அவருடைய சித்தாந்தம். மேசை முழுக்கச் சிரித்தது.

"குடுத்தா முன்னுக்கும் ஆடுவான் அண்ணை. குடுத்தாத்தானே," என்றார் அகஸ்ரின்.

அவ்வளவுதான் சொன்னார். திங்கட்கிழமையே மன்றத்தின் சின்னம் பொறித்த தாளில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போனது: எங்கள் பிள்ளையின் கையில் பந்து கொடுக்கப்படுமாயின் முந்நூறு ரிக்கற் எங்கள் பொறுப்பு.

கிளிபோட்டின் கோச் நடத்திய அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றிருந்தது. பார்க்க வருவது பெற்றோரும் ஒரு நாயும். கடிதம் கிடைத்த மூன்றாம் நாள், கிளிபோட்டிடம் இதுவரை யாரும் காணாத பன்முக ஆற்றல் ஒளிந்திருப்பதைக் கோச் கண்டுகொண்டார். 'இருமுனை ஆயுதம்' என்று பத்திரிகைக் குறிப்பும் விட்டார்.

"இற்ஸ் ஃபைன் அப்பா," என்றான் கிளிபோட். "ரெண்டு பக்கமும் ஆடுறன்."

"மூச்சு வாங்குமடா."

"ஹாஃப் டைம் பதினைஞ்சு மினிற் இருக்குத்தானே. உள்ள போய் ஸ்ட்ரெச் பண்ணி, காலைச் சூடா வச்சிருந்தா ஓகே. ஸ்கவுட் செகண்ட் ஹாஃப்தான் வடிவாப் பாப்பாராம். களைச்சாப் பிறகு எப்பிடி ஆடுறன் எண்டு."

அகஸ்ரின் அன்று பின்னேரமே இக்னேசியஸ் வீட்டுக்குப் போனார். "அண்ணை, உந்தப் பொன்னாடையை ஆட்டம் முடியப் போடுவம்."

"முடிஞ்சாப் பிறகு சனம் நிக்குமோ காணும்? ரோல் முடிய சனமும் முடிஞ்சுது. ரெண்டே ரெண்டு நிமிசம். என்னில நம்பிக்கை இல்லையோ?"

தமிழ் விழாவில் இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று முப்பது வருசமாகக் கதிரையில் இருந்து அனுபவித்தவர் அகஸ்ரின். வாயைத் திறந்தார். அப்போது இக்னேசியஸ் சுவரில் சாய்த்திருந்த பனரைத் திருப்பிக் காட்டினார். கிளிபோட்டின் காலடியில் கறுப்பு வெள்ளை உருண்டைப் பந்து. கீழே, மகனின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், 'பெற்றெடுத்த தந்தை திரு. அகஸ்ரின்.' திறந்த வாயால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை இரண்டு பாகை. காற்று வேறு. முதல் பாதியில் கிளிபோட்டுக்கு ஆறு தரம் பந்து கொடுத்தார்கள். ஐந்து தரம் அவனுக்கு மேல் நாலு பேர் கிடந்தார்கள். ஆறாவது தரம் ஒரு இடைவெளி கிடைத்தது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் வரை அவனை யாரும் தொடவில்லை. முந்நூறு தமிழரும் எழும்பி "கோல்!" என்று கத்தினார்கள். அகஸ்ரினும் கத்தினார், இதற்குப் பெயர் கோல் இல்லை, ரச்டவுன் என்று தெரிந்துகொண்டே. தடுப்பிலும் இரண்டு பேரைப் படுக்க வைத்தான். இரண்டாம் வரிசையில் கறுப்புத் தொப்பி போட்ட ஸ்கவுட் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

இடைவேளை. வியர்வை சொட்ட உள்ளே ஓடியவனை மைதான ஓரத்தில் ஒலிவாங்கியோடு மறித்தார் இக்னேசியஸ். முதலில் மங்கள விளக்கு. காற்றில் நாலு தரம் அணைந்தது. ஐந்தாம் தரம் எரிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு வரவேற்புரை. பிறகு தலைவர் பொன்னாடை போர்த்தினார். தலைவர் போட்டால் செயலாளர் சும்மா இருப்பாரா? செயலாளர் போட்டால் பொருளாளர்? உப தலைவர்கள் நாலு பேர். தோளில் கட்டியிருந்த தடித்த கவசத்தில் பட்டு நிற்கவில்லை. வழுக்க வழுக்க எடுத்து எடுத்துப் போட்டார்கள். தோளுக்கு ஏழு பொன்னாடை. தொடைக்குக் காற்று.

"அப்பா, கால் இறுகுது," என்றான் கிளிபோட் மெல்ல. "உள்ள போகவேணும்."

"இப்பொழுது தந்தையார் ஓரிரு வார்த்தைகள்!"

பெடியனை விடுங்கோ என்று சொல்லத்தான் அகஸ்ரின் ஒலிவாங்கியை வாங்கினார். நிமிர்ந்து பார்த்தால் முந்நூறு முகம். வோபர்னில் சிரித்த மேசை முழுதும் முன்வரிசையில் இருந்தது. "இந்தப் பொன்னான வேளையிலே" என்று ஆரம்பித்தார். மனைவி செலீன் பார்வையாளர் படியில் நின்று போதும் போதும் என்று கையைக் காட்டினாள். கண்டார். நாலரை நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார்.

கோச் வந்து கிளிபோட்டை இழுத்துக்கொண்டு போகும்போது இரண்டாம் பாதிக்கு விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் நகர்விலேயே எதிரணியின் பதினோராம் இலக்கக்காரன் புறப்பட்டான். அவன் இடுப்பைத் திருப்ப முதலே கிளிபோட் திரும்பியதை அகஸ்ரின் கண்டார். சரியான பக்கம். இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் பின் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிறகு புல்லு மட்டும்தான்.

ஸ்கவுட் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். முந்நூறு பேரும் அப்போது ரோல் வரிசையில் நின்றார்கள்.

"விளையாட்டில விழுறது சகசம் காணும்," என்று இக்னேசியஸ் அகஸ்ரினின் முதுகில் தட்டினார். "கோல் அடிச்சிட்டான். அது காணும்."

வீட்டுக்குப் போகிற வழியில் கிளிபோட் பின் சீற்றில் காலை நீட்டி ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். தலைக்கு அணையாகப் பொன்னாடைகள். மக்கோவன் ரோட்டுச் சிவப்பு விளக்கில் அகஸ்ரின் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"தம்பி, நான் அதில ஒரு வசனத்தோட நிப்பாட்டியிருக்கவேணும்."

"நல்லாப் பேசினீங்கள் அப்பா," என்றான் அவன். நக்கல் இல்லை. நக்கல் இருக்காதா என்று அகஸ்ரின் தேடிப் பார்த்தார்.

"பச்சை விழுந்திட்டுது," என்றாள் செலீன்.

கால் பத்துக் கிழமையில் முழுதாகச் சுகமாகியது. எந்த அணியிலிருந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை.