அந்த நாலாவது எழுத்து

“இது ‘க’. சரி. அடுத்ததும் ‘க’. மூணாவதா ஒண்ணு, அதுவும் ‘க’. இப்ப நாலாவதா இன்னொண்ணு. ஒரே ஒரு ‘க’வ வச்சிக்கினு எங்க சனம் குடும்பம் நடத்தல? ஒங்க ஊருக்கு மட்டும் எதுக்குய்யா நாலு?”

பெர்னதெத் கட்டிலைப் பார்த்துக் கேட்டாள். அதில் கிடந்த அவள் புருஷன் தர்சன் சிங் இடது கையை நீட்டிப் பீரோவைக் காட்டினார். மறுபடி எழுது என்று அர்த்தம்.

கட்டிலை ஒட்டி நிற்கும், பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு பீரோ. கல்யாணச் சீராக வந்தது. அதன் மேல் துரு படாமல் பார்த்துக்கொண்டவள் பெர்னதெத். இப்போது அதன் இரண்டு கதவுகளிலும் மேலிருந்து கீழ்வரை, திரும்பத் திரும்ப, சாக்குக்கட்டியில் பஞ்சாபி எழுத்துகள்.

அவள் நோட்டுப் போட்டுத்தான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் எழுதிப் படிக்கலாம் என்று பார்த்தால், நாலு பெயரும் ஒரே மாதிரி ‘கக்கா, கக்கா, கக்கா, கக்கா’ என்று வந்து நின்றன. மகள் ஆஷ்லின் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே நோட்டு குப்பைக்குப் போயிற்று.

இத்தனை பாடும் எதற்கு? வருகிற சனிக்கிழமைக்காக.

தர்சன் சிங் வாலிபத்தில் லாரியோடு புதுச்சேரிக்கு வந்தவர். வண்டி மக்கர் செய்ய, ரிப்பேர் பார்க்க உதிரிபாகம் வரும்வரை முதலியார்பேட்டையில் தங்கினார். பாகம் வந்தது. அவர் போகவில்லை. அதற்குள் பெர்னதெத்தைப் பார்த்துவிட்டார். லாரிப் பட்டறை போட்டார், கல்யாணம் கட்டினார், தமிழ் பேசினார். எப்படிப்பட்ட தமிழ்? தேங்காய்த்திட்டு ஏலத்தில் மீன்காரம்மாக்களே வாய் திறக்க யோசிக்கிற தமிழ். தலைப்பாகையை மறைத்துவிட்டுக் கேட்டால் அசல் முதலியார்பேட்டை ஆள். பஞ்சாபி என்பது ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று தம்பியிடம் போனில் கத்துகிற சத்தம், அவ்வளவுதான். யாரோடு சண்டை என்று அவள் கேட்பாள். சண்டை இல்லை, நலம் விசாரித்தேன் என்பார்.

பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்தன. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் பேசினார். பேச்சு முழுக்கப் பஞ்சாபி. தமிழைத் துடைத்து எடுத்தாற்போல் ஒரு சொல்கூட மிச்சமில்லை. சிலருக்கு இப்படி ஆகும், பின்னாளில் படித்த பாஷை போய்விடும், பிறந்த பாஷை தங்கிவிடும், போனது திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே ரகளை. அவர் ஏதோ ஒன்றைக் கேட்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். இல்லை. துண்டு, மாத்திரை, செருப்பு, ரிமோட், கடைசியில் பைபிள். ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு அவர் கத்த, அவளும் கத்த, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் கேட்டது சீப்பு. அது அவள் கொண்டையிலேயே செருகியிருந்தது.

இதை ஆஷ்லின் சும்மா இருக்காமல் சித்தப்பாவிடம் போனில் சொன்னாள். ஜலந்தரில் இருக்கும் பல்தேவ் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லாத வீட்டில் என் அண்ணன் எப்படி இருப்பான், சனிக்கிழமை வருகிறேன், கூட்டிப்போகிறேன் என்றார். இந்தியில் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பெர்னதெத்துக்குத் தாங்கவில்லை.

“இன்னாது, கூட்டிப்போறாரா? இந்த ஆளு பேசுறது எனக்குப் புரியாதுன்னு எவன் சொன்னான்? பிரெஞ்சே படிச்சவடி நான்.”

படித்தவள்தான். கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு பாஸ் செய்தவள். அந்தத் திமிரே வினையாயிற்று. நாலாவது எழுத்தைச் சொல்லும்போது எங்கோ தொண்டைக்குள் ஒரு வேலை நடக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தொண்டையா, அது நம்ம பிரெஞ்சு ‘ர’ ஆச்சே என்று கரகரவென்று கொப்பளித்துக் காட்டினாள். தர்சன் சிங் அவளையே பார்த்தார். பிறகு எச்சில் துப்பும் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

பஞ்சாபி சொல்லித்தரும் செல்போன் செயலி வேறு மாதிரிக் கழுத்தறுத்தது. எழுதும்போது அழுத்தமான ‘க’வாம். சொல்லும்போது சாதாரண ‘க’வாம். ஆனால் சொல்கிறபோதே குரல், மாடிப்படியில் கால் தவறினாற்போல் ஒரு படி கீழே இறங்க வேண்டுமாம். அந்த ஊரில் வீடு என்ற சொல்லே இந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. கர். பெர்னதெத் ‘கர்’ என்றால் செயலி சிவப்பு காட்டியது. அழுத்திச் சொன்னாலும் சிவப்பு. குரலை இறக்கினால் அது பாதிரியார் பூசை வைக்கிற மாதிரி இழுத்தது. அதற்கும் சிவப்பு.

ஆஷ்லின் உதவிக்கு வந்தாள். பள்ளியில் இந்தி படித்தவள் அல்லவா? பீரோவைப் பார்த்து ‘ம’ என்று வாசித்தாள். அது ‘ஸ’ என்று செயலி சொன்னது. இந்தியில் இதே உருவம்தான் ‘ம’ என்று அவள் அடம்பிடிக்க, உன் இந்தியை நீயே வச்சிக்கோ என்று அம்மா துரத்திவிட்டாள்.

எல்லாவற்றையும்விட மோசம் வாத்தியார். பட்டறைக்காரப் புத்தி. ஒரு போல்ட்டை முழுசாக முடுக்காமல் அடுத்ததில் கை வைக்க மாட்டார். முதல் வரிசை தேறிவிட்டது, ‘க’ வரிசையில் நாலாவது சரியாக வராமல் ஐந்தாவதைக் காட்டுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை நெருங்கியது. பெர்னதெத் அதே எழுத்திலேயே நின்றாள்.

ஆனால் பேச்சு காதில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர், சோறு, வலி, போதும், இது, இவருடையது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கியம் தூக்கத்தில்கூட அவளுக்குப் புரியும். குளிக்கக் கூப்பிட்டால் ‘நஹீ ஜாணா’. பிசியோதெரபிக்கு ஆட்டோ வந்து நின்றால் ‘நஹீ ஜாணா’. காற்று வாங்க வாசலுக்குக் கூப்பிட்டால் அதற்கும். போக மாட்டேன். நாள் பூராவும் இந்தப் பாட்டுத்தான்.

சனிக்கிழமை காலையில் ஆஷ்லின் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தாள். பல்தேவ் மதியம் வருவதாகப் பேச்சு. அவர் காலையிலேயே வந்து நின்றார். பெரிய உருவம், கையில் இனிப்புப் பெட்டி, சட்டைப் பையில் இரண்டு விமான டிக்கெட். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. பெர்னதெத்துக்கே கண் கலங்கியது.

பிறகு அவர் பார்வை அண்ணனின் தலைப்பாகைக்குப் போனது. பெர்னதெத் யூடியூப் பார்த்துக் கட்டியது. குடம் தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு மாதிரி ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தது.  பல்தேவ் அதைப் பிரித்து, அவரே அழகாகக் கட்டிவிட்டார். அந்த நேர்த்தி அவளைச் சுட்டது.

காப்பி வந்தது. பல்தேவ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணனிடம் மெதுவாகப் பேசினார். வேகமான பஞ்சாபி. பெர்னதெத்துக்கு ஜலந்தர் என்பது மட்டும் விளங்கியது. கடைசியில் ஒரு கேள்வி.

தர்சன் சிங் தம்பியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மை நஹீ ஜாணா.”

பல்தேவ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பெர்னதெத் பக்கம் திரும்பி, அண்ணியை அவர் கூப்பிடும் ‘பாபி’யோடு ஆரம்பித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். “பாபி, ஹி இஸ் கமிங். ஹி இஸ் ஹேப்பி.”

அவளுக்கு ஒரு நிமிடம் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன சந்தேகம்? நாளுக்கு இருபது தடவை கேட்கிற வாக்கியம். குளிக்க மறுத்த அதே குரல், ஆட்டோவைத் திருப்பி அனுப்பிய அதே குரல். காப்பி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

இத்தனை நாள் சேர்த்துவைத்த எரிச்சல் எல்லாம், நாலு ‘க’வும், செயலியின் சிவப்பும், பாழான பீரோவும், அப்படியே அடிவயிற்றுக்கு இறங்கிற்று. கத்தத்தான் நினைத்தாள். குரல் மேலே போகாமல் கீழே போனது.

“நஹீ ஜாணா,” என்றாள். பிறகு தரையைக் காட்டி, கட்டிலைக் காட்டி, “ஏஹ் ஏனா தா கர்.”

இது இவரோட வீடு. ‘கர்’ என்ற இடத்தில் அவள் குரல் ஒரு படி தவறி இறங்கி, உறுமலாக விழுந்தது.

பல்தேவின் கையிலிருந்த இனிப்புப் பெட்டி மடியில் சாய்ந்தது. முகம் சிவந்துவிட்டது. அண்ணன் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கிலீஷில் ஆரம்பித்து, இந்தியில் தடுமாறி, பஞ்சாபியில் முடித்தார். பெர்னதெத்துக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

“ஒக்காருங்க,” என்றாள் தமிழில், நாற்காலியையும் தலைப்பாகையையும் கையால் காட்டிக்கொண்டே. “மீனு வருது. சாப்ட்டுப் போவலாம். தலப்பா கட்டுறத மட்டும் இன்னொருக்கா எனக்குக் காமிச்சிட்டுப் போங்க.”

சைகையைப் பார்த்துப் புரிந்துகொண்ட பல்தேவ், டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையின் பட்டனைப் போட்டார்.

கட்டிலில் ஒரு சலசலப்பு. தர்சன் சிங் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். தாங்கப் போன தம்பியின் கையைத் தட்டிவிட்டார். இடது கையால் சாக்குக்கட்டியை எடுத்தார். வீட்டுச் சண்டையும் விமான டிக்கெட்டும் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கண் பெர்னதெத் மேல். முகத்தின் பாதி சிரித்தது.

“ஆ கியா,” என்றார். வந்துடுச்சு.

பீரோ கதவில் நாலாவது எழுத்துக்குப் பக்கத்தில், இத்தனை நாளாகக் காலியாக விட்டிருந்த இடத்தில், கோணல்மாணலாக ஐந்தாவதை எழுதினார். வாயால் சொல்லியும் காட்டினார். ஙங்ஙா.

பெர்னதெத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ங-வா?” என்றாள். “யோவ், இது எனக்கு அஞ்சு வயசுலயே தெரியும்யா. இதைக் காட்டாமத்தான் இத்தினி நாளு என்னைச் சாவடிச்சியா?”