பௌதிகவியல் எடுக்கவா, மிஸ்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாமல்தான் எழுதத் தொடங்கினேன்.

கேட்டவள் நிப்லா. இறக்கக்கண்டிப் பிள்ளை, வாப்பாவுக்குப் படகுத்தொழில். உயர்தரப் பெறுபேறு நல்லாக வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கிடைக்கும். கல்வியியற் கல்லூரியும் கிடைக்கும். அங்கே மூன்று வருசம் படித்தால் ஆசிரியர் நியமனம் கையில். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

"பௌதிகவியல் எடுக்கவா, மிஸ்?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிற ஆட்களுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "கடலை வெறித்துப் பார்த்தபடி நிப்லா..." சீ. கடற்கரைப் பிள்ளைகள் ஆர் கடலை வெறித்துப் பார்க்கிறார்கள்? போனைத்தான் பார்க்கிறார்கள்.

தொடக்கம் இரண்டு: "பிரபஞ்சத்தின் புதிர்களை அவிழ்க்கத் துடித்த அந்த இளம்..." வேண்டாம். இதை எழுதின எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தொடக்கம் மூன்று: "உம்மா ஒத்துக்கொள்ளவில்லை." இது பிடித்துக்கொண்டது. நிப்லாவின் உம்மா உம்மு குல்சும் குசினிக்குள் நின்று சட்டிபானையை உருட்டி, பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன படிப்பு என்று இரண்டு பக்கத்துக்குச் சண்டை பிடித்தா. எனக்கு நல்ல திருப்தி.

அடுத்த நாள் குச்சவெளி பஸ்ஸில் உண்மையான உம்மு குல்சுமைச் சந்தித்தேன். இடம் ஒதுக்கித் தந்து பக்கத்தில் இருத்தினா.

"அவ அந்தப் பாடத்தைப் பத்திக் கதைச்சா வீடே கலகலப்பா இருக்கும், மிஸ். அதையே படிக்கட்டும். வேலை அல்லாஹ்ட கையில."

என் வில்லி போய்விட்டா. இரண்டு பக்கமும் கிழித்தாயிற்று. (முஸ்லிம் உம்மா என்றதும் அப்படி எழுத எனக்கு எவ்வளவு சுகமாகக் கை வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.)

வாப்பாவும் தடையில்லை. அப்ப ஆர்தான் தடை? நிப்லாவேதான். நகரத்துக்கு வகுப்புக்குப் போகும்போதெல்லாம், துறைமுகப் பக்கத்து வீதியோரம் தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே வேலை கேட்டுப் போராட்டம் இருக்கிற பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒருத்தி ஸஹ்ரா, இவளுடைய பாடசாலையில் மேல் வகுப்பில் படித்தவள். பௌதிகவியல் பட்டதாரி.

3

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானும் பௌதிகவியல் பட்டதாரிதான். அதனால்தான் என்னிடம் கேட்டாள்.

பட்டம் முடித்து வீட்டில் இருந்து, நானும் பதாகை பிடித்து, கடைசியில் நியமனம் வந்தது. வரலாறு படித்தவர், நாடகம் படித்தவர், அணுக்கரு படித்த நான், எல்லாருக்கும் ஒரே பதவி: அபிவிருத்தி உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் முதியோர் கொடுப்பனவுப் பகுதியில் இருக்கிறேன். அங்கே வருகிற எல்லாருக்கும் நான் மிஸ்தான். விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. சம்பளம் ஒழுங்காக வருகிறது. குறை சொல்ல ஏலாது. அதற்காகச் சந்தோசம் என்றும்...

[இந்த வசனத்தை முடிக்க மூன்று தரம் முயன்றேன். விடுங்கோ.]

4

முடிவு அ: நிப்லா வெளிநாட்டு ஆய்வுகூடத்தில். யன்னலுக்கு வெளியே பனி. (நான் பனி கண்டதில்லை.) வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் ஊரை விட்டுப் போறனெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன, என்று கேட்டு எழுதினாள்.

முடிவு ஆ: கிண்ணியாவில் பெரிய டியூசன் மண்டபம், கையில் மைக், சந்தியில் அவளுடைய படம் போட்ட பதாகை. பத்துப் பேருக்கு முன்னால் கதைக்கவே தனக்கு ஏலாது என்றாள். அப்படியென்றால் கல்வியியற் கல்லூரிக்குப் போய் என்ன செய்யப் போகிறாள்? அனுப்பி முடிந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

முடிவு இ: தறப்பாளுக்குக் கீழே, ஸஹ்ராவுக்குப் பக்கத்தில். இதை அனுப்பவில்லை.

முடிவு ஈ: எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்துக் கதிரையில். இதையும் அனுப்பவில்லை. இது நல்ல முடிவா கூடாத முடிவா என்று எனக்கு இன்னும் தெரியாது.

5

வியாழக்கிழமை அவள் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"ரெண்டு முடிவிலயும் என்னைத்தான் எழுதியிருக்கீங்க, மிஸ். நீங்க திரும்பவும் என்ட வயசுக்கு வந்தா, பௌதிகவியல் எடுப்பீங்களா?"

கைக்கு எட்டின முத்திரையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாளோ என்னவோ, கதையை மாற்றினாள். காற்று எந்தப் பக்கத்தால் அடித்தாலும் அலை மட்டும் ஏன் கரைக்கு நேராகத் திரும்பி வருகிறது என்று கேட்டாள்.

மேசையில் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டுப் படம் கீறினேன். கை கோத்து நடக்கிற வரிசையில் ஓர் அந்தத்தில் நிற்பவள் மணலில் கால் புதைந்து பிந்தினால், முழு வரிசையும் அந்தப் பக்கம் திரும்பும். ஆழம் குறைந்த இடத்தில் அலையும் அப்படித்தான் பிந்தும் என்றேன். அவள் பேனையைப் பறித்து நிலாவெளிக்கு நேரே புறாத்தீவைக் கீறினாள். அப்ப தீவைச் சுற்றிவந்த இரண்டு அலையும் பின்னால் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கும்? எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கீறினோம், வெட்டினோம், திரும்பக் கீறினோம். ஒன்று தெரியாமல் இருப்பது இவ்வளவு சந்தோசமென்று நான் மறந்தே போயிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. முன்னுக்கு, சாம்பல்தீவில் இருந்து வந்த தவராசா ஐயா.

"பிள்ளை, அது என்ட விண்ணப்பமல்லோ?"

ஓம், அவருடையதுதான். பின்பக்கத்தில் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்துக்கு மேலே புறாத்தீவு கிடந்தது. அந்த மனுசன் இனிப் புதிதாக நிரப்பி, திரும்பப் போய்க் கையெழுத்து வாங்கி, இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டும். புதிசு ஒண்டு தாங்கோ என்றுதான் கேட்டார். ஏசியிருக்கலாம்.

நிப்லா பையைத் தோளில் போட்டாள்.

"விளங்கிட்டு, மிஸ்," என்றாள்.

என்ன விளங்கியது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் போய்விட்டாள். நாளைக்கு வெள்ளி.

புது விண்ணப்பத்தை எடுத்து ஐயாவிடம் நீட்டும்போது எனக்கு அழுகை வந்தது. அது அவர் பட்ட அலைச்சலுக்கா, அந்தப் படத்தைக் கசக்கிப் போட வேண்டி வந்ததற்கா என்று கண்டுபிடித்தால் இந்தக் கதை முடிந்துவிடும், நிப்லாவுக்கும் பதில் கிடைத்துவிடும். என்னால் ஏலாது. இதுவரை வாசித்த நீங்களும் அந்த வரிசையில் நின்றுதான் பார்த்தீர்கள். நீங்கள் சொல்லுங்கோ.