காப்பி பூத்த மலை

நன்னிலம் தாலுகா ஆபீசில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்த அன்றுதான் முருகையன் முதன்முதலாக நல்ல காப்பி குடித்தான்.

தி.மு.க. ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சட்டம் ஏதேதோ மாறியிருந்தாலும் அறுவடைக்கு அறுவடை வயலில் சண்டை மாறவில்லை. கலத்துக்கு இன்னும் அரைப்படி நெல் வேண்டும் என்று சங்கத்தார் ஒரு பக்கம். கட்டாது என்று மிராசுதார்கள் ஒரு பக்கம். நடுவில் தாசில்தார். குடவாசல் பக்கத்து விவசாயத் தொழிலாளிகள் சார்பாக முருகையன் போயிருந்தான். அவன் சாதிக்காரன் ஒருவன் அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோது தாசில்தார் எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார்.

முதல் வாய் கசந்தது. இரண்டாவது வாயில் அந்தக் கசப்புக்குள்ளிருந்து வேறு ஏதோ ஒன்று எழுந்து வந்து மூக்கு, நெற்றி, பிடரி என்று பரவியது. மழை விழுந்த புதுமண்ணும் வறுத்த உளுந்தும் கலந்தாற்போல ஒரு வாசனை. பேச வந்த விஷயமே ஒரு கணம் மறந்துபோய், "இது எங்க வெளையுது?" என்று கேட்டுவிட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அமிர்தலிங்கம் என்பவர்தான் பதில் சொன்னார். ஐந்து வேலி நிலத்துக்காரர். முருகையன் வயசுதான் இருக்கும். அதுவரை அரைப்படிக்கு எதிராகக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தவர்.

"கொடகுல. காவேரி பொறக்குற மலை இருக்குல்ல, அதே மலையிலதான் இந்தச் செடியும் வளருது."

முருகையன் டம்ளருக்குள் பார்த்தான். ஆடியில் மேற்கேயிருந்து வரும், தையில் நின்றுபோகும். ஆற்றைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது ஓர் இடத்தில் பிறக்கிறது, அந்த இடத்தில் செடி முளைக்கிறது, அந்தச் செடியின் சாறு இதோ கையில் இருக்கிறது என்றதும் மயிர்க்கூச்செறிந்தது. மற்றவர்கள் மறுபடி படிக்கணக்குக்குப் போய்விட்டார்கள். அவனும் போனான். அன்றைக்குப் பேச்சு முறிந்தது. பிறகு வேலைநிறுத்தம், வெளியூர் ஆள் இறக்கியது, போலீஸ் வேன், கால்படியில் ஒரு தற்காலிக உடன்பாடு என்று அந்த அறுப்பு ஒருவழியாக முடிந்தது.

வயலில் வேலை இல்லாத மாதங்களில் முருகையன் குடவாசல் கடைத்தெருவில் ஹாஜா மைதீனின் சைக்கிள் கடையில் வேலை பார்ப்பான். பங்குனிப் பிறப்பில் அமிர்தலிங்கம் தன் ராலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே வந்தார். கேரியரில் ஒரு தகரப்பெட்டி கட்டியிருந்தது. தலைக்காவேரிக்கு சைக்கிளிலேயே போகப்போவதாகவும், பெட்டி ஆடாமல் இருக்க ஏதாவது செய்து கொடுக்கும்படியும் ஹாஜா மைதீனிடம் கேட்டார். வீட்டில் எல்லோரும் பைத்தியம் என்கிறார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

முருகையன் பெட்டியை அசைத்துப் பார்த்தான். போராட்டம் முடிந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"இதோட மேட்டூர் தாண்ட மாட்டீங்க," என்றான். "பாரமெல்லாம் உச்சியில நிக்குது. ஒரு வளைவுல வண்டி உங்களக் கேக்காமலே சாஞ்சிடும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போகவில்லை. பின்னே எப்படி என்று கேட்டார்.

இதற்குப் பிறகு கடையில் பல நாள் இதே பேச்சு. சணல் சாக்கை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டதும் ஊறிக் கனத்தது. ஜோல்னாப் பை சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கியது. கடைசியில் பழைய லாரிப் படுதாவைக் கொண்டுவந்து, ஹாஜா மைதீனின் மனைவி ரசியா பேகம் தன் தையல் மெஷினில் தைத்துக் கொடுத்தாள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாக, அச்சுக்குப் பக்கத்தில் உட்காரும்படி இரண்டு பைகள். பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு ஒல்லிப் பை. பம்பும் ஸ்பேனரும் பங்க்சர் ஒட்டும் சாமானும் அதற்குள். ஹேண்டில் பாரில் ஒரு சின்ன உருளைப் பை. முருகையன் எல்லாவற்றிலும் ஆற்று மணலை நிரப்பி, கரைமேல் ஏறி இறங்கி ஓட்டிக் காட்டினான். கையை விட்டாலும் வண்டி நேராகப் போயிற்று.

ஹேண்டில் பையில் என்ன வைப்பது என்று ஹாஜா மைதீன் கேட்டார்.

"காப்பி," என்றார் அமிர்தலிங்கம், அதில் என்ன சந்தேகம் என்பதைப் போல.

அவர் காப்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆள் வேறாகிவிடுவார். பொடியாகக் கொண்டுபோனால் இரண்டாம் நாளே மணம் ஓடிவிடும். வறுத்த கொட்டையாகத்தான் எடுத்துப்போக வேண்டும், குடிக்கிற அன்றைக்கு அரைக்க வேண்டும் என்பார். அதற்காகக் கையால் சுற்றுகிற சின்ன மிஷின் ஒன்று. பித்தளை ஃபில்டர் நசுங்காமல் இருக்க அதைத் துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்தான் முருகையன். வைத்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"நீயும் வாயேன்."

முருகையன் நிமிர்ந்து பார்த்தான். கூப்பிட்டவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

அவன் மனைவி வேம்பு, போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல் என்றாள். மற்றவர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. மிராசுகூட உனக்கு என்ன சவாரி என்று சங்கத்தில் கேட்டார்கள். மிராசுதார்கள் பக்கத்தில் இதைவிட மோசமாகப் பேசினார்களாம். ஹாஜா மைதீன் கடை சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். ரசியா பேகம் மீதிப் படுதாவில் இன்னொரு ஜோடிப் பை தைத்தாள். விடியற்காலையில் புறப்பட்டுவிட்டார்கள்.

ஆற்றில் மணல்தான் இருந்தது. கும்பகோணம், திருவையாறு, கல்லணை, முக்கொம்பு என்று அந்த மணலை ஒட்டியே மேற்கே மிதித்தார்கள். காலையிலும் மாலையிலும் ஏதாவது மரத்தடியில் மூன்று கல் கூட்டி அமிர்தலிங்கம் காப்பி போடுவார். கொட்டையை அரைத்து, ஃபில்டரில் போட்டு, அழுத்தாமல் லேசாகத் தட்டி, கொதிநீரை ஓரத்திலிருந்து வட்டமாக ஊற்றுவார். அது சொட்டி முடியும்வரை பேசமாட்டார். பால் ஒருமுறை பொங்கியதும் இறக்கிவிடுவார். டிகாக்‌ஷனை மறுபடி சூடு பண்ணவே கூடாது. தனக்குப் பித்தளை டம்ளர், முருகையனுக்கு எவர்சில்வர். ஒரு நாள்கூட இரண்டும் மாறியதில்லை. முருகையன் அதைக் கவனித்தான். காப்பி மட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைத்தது.

மேட்டூரில் அணைமேல் ஏறி நின்றார்கள். மணலையே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு எதிரே கரை தெரியாத தண்ணீர். ஒரு மடை திறக்க ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ஊர்கள் அவனுக்குத் தெரியும். அத்தனை ஊர்களின் தண்ணீரும் இங்கே சத்தமில்லாமல் கிடந்தது. அமிர்தலிங்கமும் கைகட்டி நின்றார். சாமிக்கு முன்னால்தான் அவர் அப்படி நின்று முருகையன் பார்த்திருக்கிறான்.

மாதேஸ்வரன் மலைப் பாதையில் மேலே ஏறும்போது சைக்கிளைத் தள்ளினார்கள். இறங்கும்போதுதான் வினை வந்தது. எட்டி எடுக்கச் சௌகரியம் என்று அமிர்தலிங்கம் பித்தளை டம்ளரை வெளியே கேரியரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெளியே எதுவும் தொங்கக்கூடாது என்று முருகையன் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வளைவில் கயிறு அவிழ்ந்து டம்ளர் சக்கரத்துக்குள் போயிற்று. வண்டி உதறிக்கொண்டு நின்றது. அவர் முன்னால் போய் விழுந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, முட்டி வீங்கியிருந்தது. டம்ளர் சப்பையாகிவிட்டது. முருகையன் அவரை ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து, காயத்தைக் கழுவித் துணி சுற்றினான். நெளிந்த கம்பிகளை நிமிர்த்தினான். பிறகு அவனே கல் கூட்டினான்.

அவர் சொல்லச் சொல்ல அவன் போட்டான். முதலில் பொடியை அழுத்திவிட்டான்; ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. கொட்டிவிட்டு மறுபடி போட்டான். இந்தத் தடவை கறுப்பாக, தேன் போல, நூலாக இறங்கியது. பாலோடு கலந்து ஆற்றிவிட்டுக் கையில் டம்ளரோடு சற்று நேரம் நின்றான்.

"இது ஒண்ணுதான் இருக்கு. நான் குடிச்ச டம்ளர்."

"தெரியும், குடு," என்றார் அமிர்தலிங்கம்.

கட்டுப்போட்ட இரண்டு கைகளாலும் டம்ளரை ஏந்தி, உதட்டில் வைத்துக் குடித்தார். பாதி குடித்துவிட்டு நீட்டினார். முருகையன் வாங்கி மீதியைக் குடித்தான். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை அந்த ஒரு டம்ளர்தான்.

கொள்ளேகால், மைசூர் தாண்டிக் குடகு எல்லைக்குள் நுழைந்தார்கள். அங்கே சில நாள் முன்னால் நல்ல மழை பெய்திருந்தது. அன்று காலை பனிமூட்டம். பாதையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு வாசனை. மல்லிகை என்றான் முருகையன். காட்டில் ஏது இத்தனை மல்லிகை என்றார் அவர். மிதிக்க மிதிக்க வாசனை அடர்ந்தது. அப்புறம் வெயில் ஏறி, மூட்டம் மெல்ல மேலே போயிற்று.

மலை முழுக்க வெள்ளையாக இருந்தது. சரிவு சரிவாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, இடுப்புயரச் செடிகள் இலையே தெரியாமல் பூத்திருந்தன. ஒவ்வொரு கிளையிலும் கொத்துக் கொத்தாகப் பூ. தேனீக்களின் இரைச்சல் தூரத்தில் பெரிய தேர் இழுப்பதைப் போலக் கேட்டது. முருகையன் சைக்கிளை அப்படியே கீழே போட்டான். கதிர் முற்றிய சம்பா வயல்தான் உலகத்திலேயே பெரிய அழகு என்று அதுவரை நினைத்திருந்தவன். என்ன செடி என்று அமிர்தலிங்கத்தைக் கேட்டான்.

சரிவில் கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியோடு நின்ற ஒரு பெண் இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னாள். காப்பிச் செடி, முதல் மழை விழுந்த பத்து நாளைக்குள் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூக்கும், இரண்டு நாள் இருக்கும், பிறகு கருகிவிடும். அவள் பெயர் பொன்னுத்தாய். தர்மபுரிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவள். இவர்கள் காவேரியின் கடைசியிலிருந்து சைக்கிளில் வருகிறார்கள் என்றதும், தன் வீட்டுக்கு வந்து ஏதாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள்.

தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. வெல்லம் போட்ட கறுப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமிர்தலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, இது காப்பியா என்று கேட்டார்.

"எங்க காப்பி இதுதாங்க," என்றாள் பொன்னுத்தாய். "பறிக்கிறதெல்லாம் ஆலைக்குப் போயிடும். கீழ விழுந்து கெடக்குறதப் பொறுக்கி இடிச்சு வச்சுக்குவோம். நீங்க சொல்ற காப்பி எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது."

அமிர்தலிங்கம் எழுந்தார். கட்டுப்போட்ட கையாலேயே ஹேண்டில் பையை அவிழ்த்தார். மீதமிருந்த கொட்டை முழுவதையும் மிஷினில் போட்டு முருகையனிடம் சுற்றச் சொன்னார். வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ பால் கொண்டுவந்தார்கள். ஃபில்டர் சின்னது. ஊற்றி, காத்திருந்து, மறுபடி ஊற்றி, முற்பகல் முழுக்க அவர் காப்பி போட்டார். பொன்னுத்தாய் தன் பங்கைச் சிறிது சிறிதாகக் குடித்தாள். குடித்துவிட்டு வெளியே பூத்திருந்த சரிவையே பார்த்தாள்.

"இதுதானா அது," என்றாள்.

இங்கே கூலி எப்படி என்று முருகையன் அவளிடம் கேட்டான். அவள் சொன்னாள். அமிர்தலிங்கம் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். புறப்பட்டபோது பைகள் இலேசாகியிருந்தன.

தலைக்காவேரியில் ஒரு சின்னக் குளம்தான் இருந்தது. முருகையன் நம்பாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அதன் கீழே பாறையிடுக்கில் விரல் கனத்துக்கு நீர் கசிந்து, புல்லுக்குள் ஓடியது. அவன் இந்தக் காலை இங்கேயும் அந்தக் காலை அங்கேயும் வைத்து அதன்மேல் நின்றான். கால்களுக்கு நடுவே காவேரி போயிற்று. மேட்டூர்க் கடலும், கல்லணையும், அவன் அப்பன் நாற்று நட்ட வயலும், அவன் அறுத்த வயலும் எல்லாம் இதற்குள்ளேயா இருந்தன? சட்டென்று கூச்சம் வந்து கால்களை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் அமிர்தலிங்கமும் வந்து உட்கார்ந்தார்.

"தாசில்தார் ஆபீஸ்ல நீ கேக்கலேன்னா நான் கெளம்பியே இருக்க மாட்டேன்," என்றார். "வருஷா வருஷம் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்."

ஊர் திரும்பியதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த அறுப்பிலும் பேச்சுவார்த்தை நடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் இவனும் அந்தப் பக்கம் அவரும்தான் உட்கார்ந்தார்கள். அவர் முன்னைப் போலவே செலவுக் கணக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். ஆனால் மற்ற மிராசுதார்கள் எழுந்து போனபோது அவர் போகவில்லை. தன் ஐந்து வேலிக்கு அரைப்படி தருவதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோபத்தில் அவர் உறவுக்காரர்கள் பலர் அவர் வீட்டுப் படியேறுவதை விட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களில் சண்டை ஓயப் பின்னும் சில வருஷம் பிடித்தது.

அவர் கையெழுத்துப் போட்ட வாரத்தில் சங்கக் கூட்டம். முருகையன் கூலியைப் பற்றிப் பேச எழுந்தான். பேசிக்கொண்டே போனவன் எப்படியோ பொன்னுத்தாயிடம் போய்விட்டான். அங்கிருந்து அந்தச் சரிவுக்கு. பனி விலகியதையும் வாசனையையும் தேனீயின் இரைச்சலையும் தனக்குத் தெரிந்த சொற்களில் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கியது. முன்வரிசையில் வேம்பு முந்தானையை வாயில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவாளோடு நேராக வயலிலிருந்து வந்திருந்த ரெங்கம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்.

"மலை பூராவுமா வெள்ளை?"

"பூராவும்தான்," என்றான் முருகையன்.