பின்படிச் சத்தம்

கிளம்பப்போகிற பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று யாராவது கத்தினால், அது முன்படியா பின்படியா என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

எனக்குத் தெரியாது. ஏரல் வண்டியில் கண்டக்டர் நான். சின்னப் பையனாக இருந்தபோதே இடது காது போய்விட்டது. அதனால் கழுத்தை நீட்டி இரண்டு படியையும் பார்த்த பிறகுதான், வண்டி கிளம்ப இரட்டை விசில் கொடுப்பேன்.

காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு திருகு வைத்தால், இடப்பக்கச் சத்தம் மண்டையோட்டின் வழியாக வலது காதுக்குப் போகுமாம். ஆபரேஷனுக்கு முன் ஒரு வாரம் போட்டுப் பார்க்க, கருவி வைத்த தலைப்பட்டை ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஆபரேஷன் வேண்டுமா என்று வாரம் முடிந்த மறுநாள் காலை சொல்ல வேண்டும்.

"ஏலே கோமதி, என்னலே பட்டை? பரதநாட்டியம் ஆடப் போறியோ?" என்றார் டிரைவர் வேதநாயகம்.

"பைய பேசும் அண்ணாச்சி. மண்டைக்குள்ள இடிக்கி."

ஜன்னல் கண்ணாடி, சில்லறை, பின்சீட்டுச் சண்டை எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியவில்லை. ஆனாலும் கேட்டது. கேட்கிறதே என்று இரண்டு படியையும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசி நாள், கருங்குளம் ஸ்டாப். "இறங்கணும்!" என்று ஒரு குரல். வலது காதில்தான் கேட்டது. படிகளைப் பார்த்து நின்ற எனக்கு வலது கைப்பக்கம் முன்படி. அதை மட்டும் பார்த்தேன், யாரும் இல்லை. இரட்டை விசில் கொடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. பின்படியில் அலறல். ஒரு காலைத் தரையில் வைத்தபடி, தினமும் வருகிற ஆபிதா பீவி கம்பியில் தொங்கினார். ஒற்றை விசிலை ஊதினேன். வண்டி நின்றது. ஒரு செருப்பு மட்டும் சக்கரத்தில் போனது.

"இங்கன நிக்கேன், அங்கன பாத்து ஊதுதியே! காதுதான் போச்சுன்னு நெனச்சேன், கண்ணுமா?" என்றார் ஆபிதா பீவி.

"ஏம்லே பாக்காம ஊதுன?" என்றார் வேதநாயகம்.

"கேக்குதேன்னு இருந்துட்டேன் அண்ணாச்சி."

ஆஸ்பத்திரியில் பட்டையை மாட்டிவிட்ட ரீபா அன்றைக்கே சொல்லியிருந்தாள்: "சத்தம் வரும் அண்ணே, எந்தப் பக்கம்னு தெரியாது. கேக்குத காது ஒண்ணுதானே." கேட்ட சந்தோஷத்தில் தலையாட்டியிருந்தேன்.

அன்று ராத்திரி என் அறையில் பட்டையைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். அது இல்லாவிட்டால் வண்டி இரைச்சலில் ஆபிதா பீவியின் அலறல் எனக்குக் கேட்காமலே போயிருக்கலாம். அது இல்லாவிட்டால் பின்படியைப் பார்த்தும் இருப்பேன்.

மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மணி வண்டியில் வேலைக்கு ஏறினேன். கருங்குளத்தில் கழுத்தை நீட்டி இரண்டு படியையும் பார்த்த பிறகுதான் விசில் கொடுத்தேன். ஆபிதா பீவி அன்றைக்கு வண்டியில் வரவில்லை.